நூல் பிடித்த கைகள்

நுழையும்முன்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, அதனை எழுப்பிய பெருந்தச்சர் குஞ்சரமல்லனின் பெயரை ஆயிரம் ஆண்டுகளாகக் காத்து வருகிறது. நாம் குடியிருக்கும் வீட்டைக் கட்டியவரின் பெயரோ பெரும்பாலும் நமக்குத் தெரியாது. கட்டுமானத் தொழிலைத் தளத்திலே கண்டும் கேட்டும் கற்றவர்கள், தம் ஊருக்கு அருகிலேயே ஒரு கல்லூரியில் அமர்ந்து அதனை மீண்டும் கற்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இப்பாடம் பேசுகிறது.

தமிழில் 'நூல்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பஞ்சினைத் திரித்து ஆக்குவது ஒன்று. புலவர் சொல்லால் ஆக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒப்பிட்ட நன்னூலார், தச்சர் கைந்நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பதுபோலப் புலவர் இயற்றிய நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்கிறார். கல்வியின் பயனை விளக்க வந்த இலக்கண ஆசிரியர், அதற்குரிய உவமையைத் தொழிற்பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பது எண்ணத்தக்கது. அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னர், நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியை நக்கீரர் வரைந்தார். நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து மனையைப் பகுத்தவர்களைக் கட்டட நூல் கற்ற அறிஞர்களாகவே அவர் காட்டுகிறார். அன்று கயிறு பிடித்த கையும் நூல் கற்ற அறிவும் ஒருவரிடமே இருந்தன.

பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன. பஞ்சு நூல் கொத்தனாரின் கையில் தங்கியது. ஏட்டு நூல் பொறியாளரின் மேசைக்குச் சென்றது. வரைபடம் வரைந்தவர் கரணையைத் தொட்டதில்லை. கரணை பிடித்தவர் வரைபடத்தை முழுதாகப் படித்ததில்லை. இப்பிரிவினால் இழப்பு இருதரப்புக்கும் உண்டெனினும், கூடுதலாக இழந்தவர் யார் என்பதைக் கட்டுமானத் தளம் ஒன்றில் ஒருநாள் நின்று பார்த்தாலே அறியலாம்.

காலை எட்டு மணிக்குத் தளத்தில் வேலை தொடங்குகிறது. கொத்தனார் நூல் கட்டுகிறார். தூக்குக்குண்டை இறக்கிச் சுவரின் செங்குத்தைச் சரிபார்க்கிறார். அவருக்கு உதவியாகப் பெரியாள் ஒருவர் சாரம் கட்டுகிறார், கல் எடுத்துக் கொடுக்கிறார். சித்தாளாக வரும் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து மணலும் சல்லியும் செங்கலும் சுமக்கிறார்கள், கலவை குழைக்கிறார்கள், கட்டிய சுவருக்கு நீர் ஊற்றுகிறார்கள். உதவியாளாக வரும் இளைஞர், உணவு இடைவேளையில் கொத்தனாரின் கரணையை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்ப்பார். 'சரி, பழகிக்கொள்' என்று கொத்தனாரும் விட்டுவிடுவார். சில ஆண்டுகளில் அவ்விளைஞரும் கொத்தனார் ஆகிவிடுவார். சித்தாளாக வந்த பெண்ணுக்கோ அந்த இடைவேளை வாய்ப்பதில்லை. கரணையை எடுத்தால் சிரிப்பவர்களே மிகுதி. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் சித்தாளாகவே இருக்கிறார், கூலியும் அதற்கேற்பவே. கட்டுமானத் தளம் ஒரு பள்ளிதான். ஆனால், அப்பள்ளியில் எல்லாருக்கும் தேர்ச்சி இல்லை.

இவ்விடத்திலேதான் சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பின் தேவை எழுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட ஈராண்டுக் கல்லூரியிலிருந்து இவ்வகைக் கல்வியின் வரலாற்றைக் கூறுவர். இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியும் 1996இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியும் தோன்றின. பின்னர்த் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஏற்பினைப் பெற்றுப் பல ஊர்களில் இவை பரவின. பள்ளியை இடையில் விட்டவர், வயது கடந்தவர், வேலையிலிருந்துகொண்டே படிக்க விரும்புபவர் ஆகியோரையே இவை முதன்மையாக எண்ணி அமைந்தன. தொழில்திறனோடு, பிறருடன் பேசிப் பழகும் திறனும், வாழ்க்கைத் திறனும், உண்மையான பணியிடத்தில் பெறும் களப்பயிற்சியும் பாடத்தின் பகுதிகள். வரலாறு இவ்வளவு போதும். வகுப்புக்குள் நுழைவோம்.

சிற்றூர் ஒன்றன் அருகே அமைந்த இத்தகைய கல்லூரியில் கட்டுமானத் தொழிலுக்குரிய வகுப்பறைக்குக் கூரை இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முற்றத்தில் மணற்குவியல், செங்கல் அடுக்கு, வளைத்துப் பார்க்கக் கம்பித் துண்டுகள், தண்ணீர்த் தொட்டி. சுவரோரம் ஒரு கரும்பலகை. முதல் பாடம் பெரும்பாலும் மனைக்கு நூல் கட்டுவதாகவே இருக்கும். ஒரு மூலையில் முளை அடித்து, அதிலிருந்து ஒரு பக்கம் மூன்று அடியும் மறுபக்கம் நான்கு அடியும் அளந்து குறியிடுவர். இரு குறிகளுக்கும் இடையே உள்ள மூலைவிட்டம் சரியாக ஐந்து அடி இருந்தால் அம்மூலை செங்கோணம். இல்லையெனில் நூலை நகர்த்த வேண்டும். தளத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள் இதனை முன்பே அறிவார்கள். ஆனால், ஏன் மூன்று, நான்கு, ஐந்து? ஆறு, எட்டு, பத்து என்றாலும் பொருந்துமா? பன்னிரண்டும் பதினாறும் எடுத்தால் மூலைவிட்டம் எவ்வளவு? நீங்கள் பிதாகரசு தேற்றமாகத் தேர்வுக்குப் படித்ததை, அவர்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். காரணம் விளங்கிய கணத்தில் அவர்களுக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. மனம் செய்த கணக்கு இனி எந்த அளவு மனைக்கும் பொருந்தும். முப்பது அடி மூலையைச் சிறிய மூலைமட்டத்தை வைத்துத் தடுமாறி அளக்க வேண்டியதில்லை.

அடுத்து மட்டம். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதனைக்கொண்டு வீட்டின் நான்கு மூலைகளிலும் ஒரே மட்டத்தைக் குறிக்கலாம். ரசமட்டத்தைவிட நெடுந்தொலைவுக்கு இது நம்பத்தக்கது. ஆயின், குழாயினுள் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் மட்டம் பிழையாகும். 'எத்தனையோ நாள் மட்டம் ஏன் தவறியது என்று திட்டு வாங்கியிருக்கிறேன்' என்று வகுப்பிலே ஒருவர் நினைவுகூர்வதும், மற்றவர்கள் தலையசைப்பதும் இயல்பு. அறியாமையால் வாங்கிய திட்டுக்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

எல்லாப் பாடங்களிலும் நான் மிக முதன்மையானதாகக் கருதுவது நீரைப் பற்றிய பாடமே. சிமெண்டு காய்ந்து இறுகுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது காய்வதனால் இறுகுவதில்லை. நீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. இதனைச் சொல்லால் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சிமெண்டைக் குழைத்து உருட்டி, ஒரு கண்ணாடிக் குவளையின் நீருக்குள் வைத்துவிட்டுச் சென்றால் மறுநாள் அது நீருக்குள்ளேயே கல்லாகிக் கிடக்கும். இதனைக் கண்ட பின், கட்டிய சுவருக்கும் தளத்துக்கும் ஏன் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும் என்பதை எவரும் மறப்பதில்லை. குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். வெயில் மிகுந்தாலும், சாம்பல் கலந்த சிமெண்டாயினும் இன்னும் கூடுதல் நாள் வேண்டும். கான்கிரீட்டின் வலிமையை இருபத்தெட்டாம் நாளில் அளப்பதும் இவ்வினை மெல்ல நிகழ்வதனாலேயே.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இறுகிய பின் நீர் வேண்டும். குழைக்கும்போதோ அளவாக வேண்டும். வினைக்குத் தேவையானதற்கு மேல் கலந்த நீர், பின்னர் ஆவியாகி வெளியேறும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதைச் சிகாகோவில் ஆய்வு செய்த டஃப் ஆப்ரம்ஸ் 1918இல் வெளியிட்டார். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு இருபத்தைந்து லிட்டர் நீர் சேர்த்தால் விகிதம் 0.5. கலவை இறுக்கமாக இருக்கிறதென்று இன்னும் ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.7 ஆகிறது. அந்த ஒரு வாளியால் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையக்கூடும்.

அந்த ஒரு வாளியை ஊற்றுபவர் யார்? பொறியாளர் அல்லர், கொத்தனாரும் அல்லர். தளத்திலேயே குறைந்த கூலி பெறும் சித்தாள். இறுகிய கலவையை மண்வெட்டியால் புரட்டுவது கடினம். நீர் சேர்ந்தால் எளிது. 'தளர்வாகப் போடு' என்று மேலிருந்து குரலும் வரும். அதற்கு அப்பால் அவரிடம் எவரும் எதையும் சொன்னதில்லை. கட்டடத்தின் வாழ்நாளை முடிவு செய்யும் இடத்தில் நிற்பவருக்கு, தாம் அங்கே நிற்கிறோம் என்பதையே நாம் சொல்லாமல் வைத்திருக்கிறோம். 'கலவை போடுவதற்குப் படிப்பு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

தெரியுமா?

*ஈரமணல் ஏமாற்றும்.* சிறிது ஈரமுள்ள மணலில், துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று விலக்கி நிறுத்துகிறது. ஆகவே மணல் உப்பி, அளவில் கூடித் தோன்றும். ஒரு கண்ணாடிக் குடுவையில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈரமணலை இட்டு, அது மூழ்கும்வரை நீர் ஊற்றிக் கிளறுங்கள். மணல் 16 செ.மீ. உயரத்துக்கு இறங்கினால், முன்பு அது உண்மை அளவைவிட 25 விழுக்காடு உப்பியிருந்தது என்று பொருள். சட்டியால் அளந்து போடும் தளத்தில், மழைக்காலத்துச் சட்டியும் கோடைகாலத்துச் சட்டியும் ஒன்றல்ல.

அறியாமையின் விலை சில இடங்களில் உயிராகவும் இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனித் தளத்தை எண்ணிப் பாருங்கள். இரு சுவர்களின் மேல் தங்கும் சாதாரணத் தளம் சுமையால் நடுவில் கீழ்நோக்கி வளையும்; இழுபடுவது அதன் அடிப்பகுதி; ஆகவே கம்பி அடியில் இருக்க வேண்டும். பால்கனியோ ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புடையது. அதன் வெளிமுனை தாழும்போது இழுபடுவது மேற்பகுதி. அங்கே முதன்மைக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். கம்பி கட்டுபவர் சரியாகவே கட்டியிருக்கலாம். ஆனால், கான்கிரீட் இடும்போது சட்டி சுமந்து வருபவர்கள் அக்கம்பியின் மீது மிதித்து நடந்தால் அது அடியில் போய்ப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எக்குறையும் தெரியாது. சாரத்தைப் பிரிக்கும் நாளில், அல்லது பல ஆண்டுகள் கழித்துப் பத்துப் பேர் ஒன்றாக அங்கே நிற்கும் நாளில் அது தெரியவரும். இதனை வகுப்பில் விளக்க ஒரு ரப்பர்த் துண்டு போதும். ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை அழுத்தினால் மேற்புறக் கோடுகள் விலகுவதைக் கண்ணால் காணலாம். அதன்பின் எவரும் கம்பிமேல் கால் வைக்கத் தயங்குவர். நடப்பதற்குப் பலகை கேட்பர். பலகை கேட்கும் துணிவும் கல்வியின் ஒரு பகுதியே.

இவ்வளவு கூறியதனால், தளத்தறிவு தாழ்ந்தது, ஏட்டறிவு உயர்ந்தது என்று கொள்ளலாகாது. செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டி, எழும் ஓசையிலேயே வெந்த கல்லையும் வேகாத கல்லையும் பிரிக்கும் செவி எந்தக் கையேட்டிலும் இல்லை. கரணையிலிருந்து சாந்தைச் சுவரில் எறியும் மணிக்கட்டின் வீச்சு, சொல்லில் அடங்காது. கட்டுவதற்கு முன் செங்கலை நீரில் ஊற வைக்க வேண்டும் என்பதைப் பழைய கொத்தனார்கள் காரணம் கேளாமலே காத்து வந்தனர். உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும் என்னும் விளக்கம் பின்னால் வந்து சேர்ந்ததே. கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுவரினுள் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டினைப் பரப்பினார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் அதனால் மிச்சமாகும். அவர் தம் பணியை வரைபடத்தோடு முடித்துக்கொள்ளாமல், தளத்தில் கொத்தனார்களுடன் நின்றே செய்தார். நல்ல சமுதாயக் கல்லூரி ஆசிரியரும் அத்தகையவரே. ஐம்பது வயது மாணவர் ஒருவர் எழுந்து, 'சார், கரையான் பிடித்த நிலத்தில் நாங்கள் இப்படிச் செய்வோம்' என்று கூறும்போது, அவர் சுண்ணக்கட்டியை அம்மாணவரிடம் கொடுத்துவிட்டு அமர்ந்து கேட்பார்.

இடர்கள் இல்லையா என்றால், உண்டு. நாட்கூலி பெறுபவர்க்கு ஒருநாள் வகுப்பு என்பது ஒருநாள் கூலியின் இழப்பு. மழைக்காலத்தில் வேலை குறையும்போது வருகை கூடுவதும், வெயிற்காலத்தில் வேலை பெருகும்போது இருக்கைகள் வெறிச்சோடுவதும் இயற்கை. மாலை வகுப்பு வைத்தால் பெண்களுக்கு வீட்டுவேலை குறுக்கே வரும். சிற்றூருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரமும் குறுக்கே வரும். ஊருக்கு அருகிலேயே கல்லூரி அமைய வேண்டும் என்பதன் பொருள் வெறும் வசதி அன்று. பலருக்கு அதுவே படிப்பதற்கும் படியாமைக்கும் இடையிலான வேறுபாடு. தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், பதிவு பெற்றோரின் குழந்தைகளுக்குக் கல்வி உதவி வழங்குகிறது. தாய் படிப்பதற்கு இழக்கும் கூலியை ஈடுசெய்யும் வழியையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் பெற்ற பின்னும் கதை முடிவதில்லை. கரணை பிடிக்கத் தெரிந்த பெண்ணை ஒப்பந்தக்காரர் மறுநாளும் மணல் சுமக்கவே அழைப்பார். 'பெண் கட்டிய சுவர் நிற்குமா?' என்னும் கேள்விக்குத் தூக்குக்குண்டு விடை சொல்லும். ஆனால், அதனைத் தொங்கவிட்டுப் பார்க்க மனம் வேண்டுமே! மாற்றம் நிகழ்ந்த இடங்களும் உண்டு. கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் கட்டுமானக் குழுவாகத் திரண்டு, அடித்தளம் முதல் கூரை வரை வீடுகளைத் தாமே கட்டி முடித்துள்ளனர். ஜார்க்கண்ட் மாநிலத்தில் கொத்தனாரை 'ராஜ் மிஸ்திரி' என்பது வழக்கு. ஊர்தோறும் கழிவறைகள் கட்டும் பணி விரைந்தபோது, பயிற்சி பெற்ற பெண்கள் கரணையுடன் முன்வந்தனர். மக்கள் அவர்களை 'ராணி மிஸ்திரி' என அழைக்கலாயினர். ஒரு புதிய சொல் வழக்கில் வந்துவிட்டது. நம் மொழியில் 'கொத்தனார்' என்னும் சொல் ஆர் விகுதி பெற்ற உயர்வுச்சொல். ஆண், பெண் இருபாலாருக்கும் இலக்கணப்படி பொருந்துவது. மொழி தடுக்காததைத் தளம் தடுக்கிறது.

பயிற்சி முற்றத்திற்கு மீண்டும் வருவோம். தேர்வு நாளில் ஒவ்வொருவரும் ஒரு மூலைச் சுவரைக் கட்டிக் காட்ட வேண்டும். ஒரு வரிசையின் இணைப்பு, அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே வரக் கூடாது. இரு சுவர்கள் கூடும் மூலையில் கற்கள் பின்னிச் செல்ல வேண்டும். நூலும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஒரு குரலில் பேச வேண்டும். இச்சுவருக்குச் சிமெண்டுச் சாந்து இடுவதில்லை. மண்சாந்தோ மெலிந்த சுண்ணச்சாந்தோ போதும். காரணம், ஆசிரியர் அளந்து மதிப்பெண் இட்ட பின் சுவரைப் பிரித்துவிடுவர். அடுத்த அணி கற்பதற்கும் இதே செங்கற்கள் வேண்டும்.

இருபது ஆண்டுகள் பிறர் சுவருக்குக் கல் சுமந்த ஒருவர், தாம் முதன்முதலாகக் கட்டிய சுவரைத் தம் கையாலேயே வரிசை வரிசையாக இறக்குகிறார். ஒட்டிய சாந்தைச் சுரண்டி, நீரில் அலசி, கற்களை எண்ணி அடுக்குகிறார். கடைசிக் கல்லை வைக்குமுன், சற்று நின்று, அடுக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் பணியாற்றும் கொத்தனார் அல்லது சித்தாள் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. கட்டுமானத் தொழிலில் உங்கள் வட்டாரத்தில் வழங்கும் கருவிப் பெயர்களையும் அளவைச் சொற்களையும் தொகுத்து, அகரவரிசைப்படுத்துக.

3. பள்ளி வளாகத்தில் நூலும் முளையும் கொண்டு ஒரு செங்கோணத்தை அமைத்துக் காட்டி, அதன் காரணத்தை வகுப்பில் விளக்குக.

4. 'மொழி தடுக்காததைத் தளம் தடுக்கிறது' – இக்கருத்தைப் பிற தொழில்களோடும் பொருத்திக் கலந்துரையாடுக.